முன் தாழ்ந்த வண்டி

குனிந்து நிற்பவனைக் கண்டால் உடனே நிமிர்த்திவிட வேண்டும் என்று நல்லெண்ணம் படைத்தவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அவன் எதற்காகக் குனிந்து நிற்கிறான் என்று முதலில் விசாரித்துக்கொள்வது உத்தமம். மூட்டை ஏதேனும் சுமப்பதற்காக முதுகைக் கொடுத்து நிற்கிறானோ என்னவோ! இந்தச் சாதாரண விஷயத்தை நாம் கற்றுக்கொள்வதற்காக அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணம் வரையில் போகவேண்டியிருந்தது. அங்கே நமக்கு ஆசிரியராக வாய்த்தது ஒரு மோட்டார் வண்டி.

டல்லாஸ் நகரத்தை அடுத்த ஓர் ஊரில் நம் தமக்கையின் பிள்ளை குடும்பத்துடன் வசிக்கிறான். அவன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். அவனிடம் ஒரு பிக்கப் டிரக் இருக்கிறது. முன்னால் ஐந்து பேர் சௌகரியமாக உட்காரும் அறை. பின்னால் மேலே திறந்த நீண்ட பெட்டி. நம் ஊரில் காய்கறி மூட்டையும் கோழிக் கூண்டும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிக்கு இது பெரியண்ணன் என்று சொல்லலாம். அந்தத் தேசத்தில் வைத்தியர், வக்கீல், கணினி உத்தியோகஸ்தர் ஆகிய சகலரும் இதில்தான் சவாரி செய்கிறார்கள்.

பிறப்பினால் இது குடியானவனுடைய வண்டி. ஆதியில் அமெரிக்க விவசாயிகள் தங்கள் மோட்டார் காரின் பின்பக்கத்தை அறுத்துத் தாங்களே பெட்டி பொருத்திக் கொண்டார்கள். அதைக் கண்டு ஹென்றி போர்டின் கம்பெனியார் 1925-ஆம் வருஷத்தில் தங்கள் 'மாடல் டி' காரிலேயே பெட்டி வைத்து 281 டாலருக்கு விற்றார்கள். அதே கம்பெனியின் 'எப்' வரிசை டிரக்குகள் 1977-ஆம் வருஷம் முதற்கொண்டு அந்த நாட்டு டிரக் விற்பனையில் முதலிடத்தை வகித்து வந்திருக்கின்றன. வயலிலே பிறந்து மாளிகை வாசலுக்கு வந்து சேர்ந்த வண்டி என்று இதைச் சொன்னால் தவறில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமான் நம்மை வாசலுக்கு அழைத்தான்.

"மாமா, சற்று ஒதுங்கி நின்று வண்டியைப் பக்கவாட்டில் பாருங்கள். மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு நிற்பது போல் இல்லையா? எதிர்வீட்டு வண்டியையும் பாருங்கள்!"

பார்த்தோம். எதிர்வீட்டு வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டமாக, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மருமானுடைய வண்டியோ பின்பக்கம் சற்றே தூக்கி, முன்பக்கம் பணிந்து நின்றது. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவைத் தரையிலிருந்து அளந்து பார்த்ததில், முன்னதைவிடப் பின்னது 2 அங்குலம் உயரம். இந்த 2 அங்குலம் ஒரு வருஷமாக மருமானுடைய நித்திரையைக் கெடுத்து வந்ததாம். முன்பக்கத்தை உயர்த்தி மட்டமாக்குவதற்கு 'லெவலிங் கிட்' என்று ஒரு சாமான் விற்கிறார்கள். அதை வாங்கிப் பூட்டுவதா, வேண்டாமா என்பதே வழக்கு. எந்த வழக்கையும் மாமனிடம் கொண்டுவந்தால் தீர்ப்பு வாதிக்குச் சாதகமாகவே வரும் என்பது அவனுடைய நம்பிக்கை.

யோசியாமல் தீர்ப்புச் சொல்வது தகாதல்லவா? ஆகையால் சாமானின் இலட்சணத்தை முதலில் விசாரித்தோம். பிக்கப் டிரக்கில் முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங். பின் சக்கரங்களுக்குப் பெரும்பாலும் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் சேர்ந்த தூணின் தலையில் ஒரு கனமான உலோக வில்லையை வைத்துப் பூட்டிவிட்டால் முன்பக்கம் உயர்ந்துவிடுகிறது. தூண் வந்து ஊன்றும் இடம் சக்கரத்துக்குச் சற்று உட்புறமாக இருப்பதால், பல வண்டிகளில் 1 அங்குல வில்லை வைத்தால் சக்கரத்தினிடத்தில் ஏறக்குறைய 2 அங்குல உயர்வு கிடைக்கிறது. ஏற்றத்தின் துலாவைக் கண்டவர்களுக்கு இது ஆச்சரியமாயிராது. வேறு வகைகளும் உண்டு. ஸ்பிரிங்கையே மேலும் அழுத்திப் பூட்டுவது ஒன்று. தூண் முழுவதையும் எடுத்துவிட்டு உயரமான புதுத் தூணை வைப்பது மற்றொன்று. ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி உள்ள வண்டிகளில் கம்பியின் முறுக்கை ஏற்றுவதும் உண்டு. சாதாரணமாக 1 முதல் 2½ அங்குலம் வரையில் உயர்த்துகிறார்கள்.

நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் போல் இதற்கும் வரவுப் பக்கம், செலவுப் பக்கம் என்று இரண்டு பக்கம் பிரித்து எழுதினோம்.

வரவுப் பக்கத்தில் முதல் இனம் தோற்றம். அதை அற்பம் என்று ஒதுக்குவதற்கில்லை. தினமும் காலையில் கண்ணில் படுகிற பொருள் கண்ணுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்று விரும்புவது குற்றமா? இரண்டாவது, முன் சக்கரத்துக்கு மேலே இடம் கிடைப்பதால் முன்னிலும் பெரிய டயர் மாட்டலாம். மூன்றாவது, கல்லும் குழியுமான பாதையில் மேட்டில் ஏறும்போது முன் மோவாய் தரையில் இடியாது. நான்காவது, வண்டியின் முன்னால் நிரந்தரமாகப் பாரம் சுமப்பவர்களுக்கு இது உண்மையான உபகாரம். பனி விழும் மாகாணங்களில் முன்னால் பனி வாரும் பெரிய தகடு மாட்டுகிறார்கள். காட்டுப் பாதையில் போகிறவர்கள் இரும்புத் தடுப்பும், வண்டியை இழுக்கும் உருளை யந்திரமும் பொருத்துகிறார்கள். அந்தக் கனத்தால் அமுங்கிய முன்பக்கத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது நியாயமே. ஐந்தாவது, வண்டி முழுவதையும் அரையடி, ஓரடி தூக்கி வைக்கும் பெரிய ஏற்பாடுகளோடு ஒப்பிட்டால் இதற்குப் பணமும் வேலையும் குறைவு.

செலவுப் பக்கத்துக்கு வந்தோம். முன்பக்கம் உயர்ந்தவுடன் சக்கரங்கள் நிற்கும் கோணம் மாறிவிடுகிறது. வீல் அலைன்மெண்ட் செய்யாமல் ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஸ்டியரிங்கும் பழையபடி கைக்கு அடங்கி நில்லாது. சக்கரத்தைத் தாங்கும் கைகளும் அவற்றின் பந்து மூட்டுகளும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன் அச்சுத் தண்டின் மூட்டுகளும், எப்போதும் சற்றுச் சாய்ந்தபடியே வேலை செய்வதால் சீக்கிரம் தேயக் கூடும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்துவிடுவதால் தூக்கிப்போடுதல் அதிகமாகலாம். காற்று எதிர்ப்பு மிகுந்து பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். பெரிய டயரும் மாட்டினால் கேட்கவே வேண்டாம். எதிரே வருவதைக் கண்டு தானாகவே பிரேக் போடும் நவீன வண்டிகளில், காமிராவும் ரேடாரும் பழைய உயரத்துக்குத் தக்கபடி திருத்தி வைக்கப்பட்டவை. அவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

"கம்பெனியின் உத்தரவாதம் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே, மாமா?" என்றான் மருமான்.

அந்தப் பயம் பாதிதான் நிஜம். 1975-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிச் சாமான் பூட்டினான் என்ற ஒரே காரணத்தைக் காட்டி உத்தரவாதம் முழுவதையும் மறுக்க அது இடம் கொடுப்பதில்லை. ஆனால் அந்தச் சாமானால்தான் பழுது உண்டாயிற்று என்று காட்டிவிட்டால் அந்தப் பழுதின் செலவு வண்டிக்காரன் தலையில்தான்.

இது வரையில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஈடாகவே இருந்தன. தேய்மானமும் கூலியும் பணத்தால் தீரும் விஷயங்கள். ஆசைக்குக் கொடுக்கும் விலை என்று எழுதிக் கணக்கை முடித்துவிடலாம். ஆனால் வண்டியைச் செய்தவர்கள் வேண்டுமென்றே எதற்காகப் பின்பக்கத்தை உயர்த்தி வைத்தார்கள் என்ற கேள்விக்கு நம் கணக்கில் இன்னும் பதில் இல்லை. அதற்குப் பதில் டெக்ஸாஸில் கிடைக்கவில்லை. நம் இளம்பிராயத்து மாட்டு வண்டியில் கிடைத்தது.

வண்டியில் ஏறியவுடன் வண்டிக்காரர், "சாமி, கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காருங்கள், பின்பாரமாயிருக்கிறது" என்று சொல்வதை நேயர்களில் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். இரட்டை மாட்டு வண்டிக்கு அச்சு ஒன்றுதான். பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்னால் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். முன்பாரமும் பின்பாரமும் அறியாதவன் வண்டிக்காரனாக மாட்டான். பள்ளிக்கூடத்தில் நெம்புகோலைப் பற்றிப் படிப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே நாம் அந்தப் பாடத்தை வண்டிக்காரரிடம் படித்தாகிவிட்டது.

பிக்கப் டிரக்கின் சங்கதியும் இதுவே. அதன் பெட்டி பின் அச்சின் மேல் இருக்கிறது. பாரம் ஏற்றினால் பின்பக்கந்தான் அமுங்கும். வெறும் வண்டி பின்பக்கம் தூக்கி நிற்பது, வரப்போகும் பாரத்துக்காக ஒதுக்கி வைத்த இடம். வெறும் வண்டியை மட்டமாக்கிவிட்டால், பாரம் ஏற்றியவுடன் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். மருமான் வருஷந்தோறும் கோடையில் வாடகைக்கு ஒரு டிரெய்லர் வீட்டை எடுத்து, வண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு யாத்திரை போகிறவன். இத்தகைய டிரெய்லரின் எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. 5,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 500 முதல் 750 பவுண்டு. அவ்வளவும் பின் அச்சுக்கும் பின்னால்! பின்பாரம் என்றால் இதுவல்லவோ பின்பாரம்! மாட்டின் கழுத்தில் இறுகும் கயிறு இங்கே இல்லைதான். ஆனால் திருப்புவதும், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும் முன் சக்கரங்களுடைய பொறுப்பு. அவை இலேசாகிவிட்டால் ஓட்டுகிறவன் கையில் பிடிப்புக் குறைகிறது. பாரத்தை முன் அச்சுக்கும் பங்கிட்டுத் தரும் விசேஷக் கொக்கியும், பின்பக்கத்தைத் தாங்கும் காற்றுப் பைகளும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு சாமான் வாங்கியதைச் சரிக்கட்ட இன்னொரு சாமான் வாங்கும் கதையாகும் அது.

முன்பக்கம் தூக்கி நிற்பதே அழகு என்று எண்ணியவர்களும் அந்த நாட்டில் உண்டு. முன்னைத் தூக்கிப் பின்னைத் தாழ்த்தி ஓட்டும் ஒரு மோஸ்தர் வாலிபர்களிடையே பரவிற்று. அதற்குக் 'கரோலைனா ஸ்க்வாட்' என்று பெயர். வட கரோலைனா மாகாணத்தார் 2021-ஆம் வருஷம் டிசம்பர் 1 முதல் அதைத் தடுத்துவிட்டார்கள். சக்கர வளைவு பின்னைவிட முன்னால் 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்பது சட்டம். பிறகு விர்ஜீனியாவும் தென் கரோலைனாவும் தடை விதித்தன. நம் தேசத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, செய்தவர்கள் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ஆம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். ஆகையால் இதைப் படித்துவிட்டு உள்ளூரில் யாரும் வில்லை தேடிப் புறப்பட வேண்டாம்.

மருமான் நாம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். ஆனால் ஒரு வருஷத்து ஆசை ஒரு மணி நேரப் பேச்சில் அடங்குமா? "கண்ணால் பார்த்தால்தான் தெரியும், மாமா" என்றான். சாமான் வாங்காமலே பார்ப்பதற்கு ஒரு வழி தோன்றிற்று. முன் சக்கரங்களின் அடியில் 2 அங்குலம் பலகை வைத்து வண்டியை ஏற்றி நிறுத்தினால் போதாதா? அமெரிக்காவில் '2 அங்குலப் பலகை' என்று விற்பது உண்மையில் 1½ அங்குலந்தான். சகல சம்பத்தும் நிறைந்த நாட்டிலும் மரக்கடைக்காரர் மரக்கடைக்காரர்தான்! மீதி அரை அங்குலத்துக்கு மெல்லிய பலகை ஒன்றைச் சேர்த்தோம்.

வண்டி மட்டமாக நின்றது. உள்ளபடி சொல்ல வேண்டும்: பார்க்க அழகாகத்தான் இருந்தது. மருமான் சுற்றிச் சுற்றி வந்தான்.

இருட்டிய பிறகு முன்விளக்கைப் போட்டோம். விளக்கிலிருந்து 25 அடி தூரத்தில் இருந்த கொட்டகைக் கதவில், பலகை வைப்பதற்கு முன்பு வெளிச்சத்தின் மேல்விளிம்பு விழுந்த இடத்தில் காகித நாடா ஒட்டியிருந்தோம். இப்போது அந்த விளிம்பு ஆறரை அங்குலம் மேலே போயிருந்தது. விளக்கின் உயரம் கூடியதோடு அதன் முகமும் நிமிர்ந்துவிட்டது அல்லவா? முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 145 அங்குலம். அதில் 2 அங்குலம் சாய்வு என்றால் 100 அடி தூரத்தில் வெளிச்சம் பதினாறரை அங்குலம் மேலே ஏறும். விளக்கு உயர்ந்தது தனி. எதிரே சின்னக் காரில் வருகிறவர் கண்ணைக் கூச வைப்பதற்கு அது தாராளமாகப் போதும். விளக்கின் முகத்தைத் திருகாணியால் மறுபடி இறக்கிவிடலாம் என்பது வாஸ்தவம். ஆனால் டிரெய்லர் பூட்டிய அன்று அது மீண்டும் நிமிர்ந்துவிடும்.

மறுநாள் காலை கடைசிப் பரீட்சை. மருமான் ஓட்டும் ஆசனத்தில் உட்கார்ந்தான். வண்டிச் சாவியை நாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். அவனுடைய நாலு வயதுப் பெண் குழந்தை, தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்னால் நின்றாள். குழந்தையின் உயரம் 40 அங்குலம். அவள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர, உச்சந்தலை எப்போது தெரிகிறது என்று மருமான் சொல்ல வேண்டும். பலகை இல்லாதபோது சுமார் 3 அடி தூரத்தில் தலையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. பலகையின் மேல் ஏற்றிய பிறகு 4 அடி தூரத்தில்தான் தெரிந்தது.

"ஓரடி வித்தியாசம்" என்று நாம் சொன்னோம்.

அந்த ஓரடி, ஒரு குழந்தை நிற்பதற்குப் போதுமான இடம். மருமான் பதில் சொல்லவில்லை. தாயோ குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அமெரிக்காவில் 2018-ஆம் வருஷம் மே மாதம் முதல் புது வண்டிகளில் பின்புறம் பார்க்கும் காமிரா கட்டாயமாயிற்று. அந்தச் சட்டம் பின்புறத்தைப் பற்றியதே. அந்த நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 2023-ஆம் வருஷத்தில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். முன் மூடியின் உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகள் நடந்து செல்பவர்மேல் மோதினால், 30 அங்குலத்துக்கு உட்பட்ட சரிந்த முகமுள்ள வண்டிகளைக் காட்டிலும், உயிர்ச்சேதம் நேர்வது சுமார் 100-க்கு 45 பங்கு அதிகம் என்பது அந்த முடிவு. நம் மருமானின் வண்டி குனிந்து நிற்கும்போதே 40 அங்குலத்தைத் தாண்டியது.

சிறிது நேரம் கழித்து அவன் கீழே இறங்கினான். "பலகையை எடுத்துவிடலாம், மாமா" என்றான். அதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்லவில்லை. வாதியே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்ட பிறகு தீர்ப்பு எதற்கு?

அடுத்த வாரம் கொல்லைப்புற வேலி சாய்ந்துவிட்டது. புதுக் கம்பங்கள் நடுவதற்கு 80 பவுண்டு கான்கிரீட் மூட்டைகள் 12 வாங்கி வந்தான். மொத்தம் 960 பவுண்டு. இந்த ரக வண்டிக்கு அந்த நாட்டில் 'அரை டன் வண்டி' என்று பழம்பெயர். அவர்களுடைய அரை டன் என்பது 1,000 பவுண்டு. வாசலில் வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் நாம் அளவு நாடாவைத் தேடி எடுத்து வந்தோம். முன் வளைவும் பின் வளைவும் ஒரே உயரம்!

"மாமா, கிட் பூட்டியாகிவிட்டது, 12 மூட்டைக் கிட்!" என்று சொல்லி மருமான் சிரித்தான்.

நம் வயதுக்கு ஏற்றபடி நாம் ஒரு மூட்டைக்கு ஒரு மூலையைப் பிடித்தோம். மற்றவற்றை அவனே இறக்கினான். ஒவ்வொரு மூட்டையாக இறங்க இறங்க, வண்டியின் பின்பக்கம் கொஞ்சங் கொஞ்சமாக மேலே எழுந்தது. கடைசி மூட்டையும் இறங்கிய பிறகு அது மறுபடியும் பழையபடி முன் தாழ்ந்து, அடுத்த பாரத்துக்குத் தயாராக நின்றது. எதிர்வீட்டு வண்டி அப்போதும் நிமிர்ந்துதான் நின்றது. மருமான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.